வினா ஒன்று, பொருள் இரண்டு

நுழையுமுன்

நன்னூல் கூறும் அறுவகை வினாக்களையும் எண்வகை விடைகளையும் முந்தைய பாடத்தில் கற்றோம். அவை தேர்வுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிட வேண்டா. வீட்டிலும் வகுப்பிலும் இருவர் பேசும்போது ஒருவர் சொல்வது மற்றவரைச் சென்று சேராமல் போவது ஏன் என்பதை ஆராயவும் அவ்விலக்கணம் நமக்குத் துணை செய்யும். ஆட்டிச நிலையில் உள்ளவர்களும் அந்நிலையில் இல்லாதவர்களும் ஒருவரோடொருவர் உரையாடும் முறை பற்றி இப்பாடம் பேசுகிறது.

வினாவுக்குள் வினா

ஒருவர் கடைக்குச் சென்று, “ஐயா, துவரம்பருப்பு இருக்கிறதா?” என்று வினவுகிறார். கடைக்காரர், “இருக்கிறது” என்று கூறிவிட்டுத் தம் கணக்கேட்டில் மீண்டும் மூழ்கிவிடுகிறார். வினவியவர் முகம் சுளிப்பார் அல்லவா? ஆனால் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கேட்ட வினாவிற்குச் சரியான விடையையே அளித்தார். இலக்கணப்படி அது நேர் விடை. குறை எங்கே உள்ளது? வினவியவர் பருப்பின் இருப்பை அறிய விரும்பவில்லை, பருப்பையே விரும்பினார். அவர் கேட்டது கொளல் வினா. கடைக்காரர் அதனை அறியா வினாவாக எடுத்துக்கொண்டார்.

இதேபோல, “கதவு திறந்திருக்கிறதே, பார்த்தாயா?” என்னும் தாயின் வினா ஏவல் வினா. “உன்னிடம் குடை இருக்கிறதா?” என்று மழை நாளில் அண்டை வீட்டார் கேட்டால் அது பெரும்பாலும் கொடை வினா. இவ்வினாக்களின் சொற்களில் ‘கொடு’ என்றோ ‘செய்’ என்றோ எதுவும் இல்லை. கேட்பவர் அதனைத் தாமே ஊகித்து உணர வேண்டும். விடைகளிலும் அப்படியே. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்று மட்டுமே வெளிப்படையான விடைகள். மற்ற ஐந்தும் குறிப்பால் உணர்த்துவன. “விளையாட வருகிறாயா?” என்னும் வினாவிற்குக் “கால் வலிக்கிறது” என்று விடை வந்தால், அதில் ‘வரமாட்டேன்’ என்னும் சொல்லே இல்லை. எட்டு விடைகளில் ஐந்து மறைபொருள் உடையவை என்று நம் இலக்கண ஆசிரியர் கணக்கிட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. நாம் அன்றாடம் பேசுவதில் எத்துணைப் பங்கு பேசப்படாமலே நிற்கிறது!

வகுப்பறையில் நிகழ்வதையும் எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்நூலின் ஆசிரியர் யார்?” என்று கேட்கிறார். ஒரு மாணவன் எழுந்து, “அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறதே, ஐயா. தங்களுக்குத் தெரியாதா?” என்கிறான். வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியர் அதனைக் குறும்பு என்று எண்ணுகிறார். அவனோ குறும்பு செய்யவில்லை. தாம் அறிந்ததையே பிறர் அறிவாரா எனச் சோதிக்கும் அறிவினா என்னும் வழக்கம் அவனுக்கு வியப்பாக இருக்கிறது. விடை தெரிந்த ஒருவர் ஏன் வினவ வேண்டும்? நேர்மையாகச் சொன்னால், அது நியாயமான ஐயமே.

ஆட்டிசம் என்பது

ஆட்டிசம் ஒரு நோயன்று, தொற்றுவதும் அன்று. மூளை வளர்ச்சியில் இயல்பாக அமையும் ஒரு வேறுபாடு. அது வாழ்நாள் முழுதும் உடனிருக்கும். 1943ஆம் ஆண்டில் லியோ கேனர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையைப் பரவலாக அறியச் செய்தது. ஆட்டிச நிலையாளர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். சிலர் ஓயாமல் பேசுவர். சிலர் வாயால் ஒரு சொல்லும் பேசார். சிலர் பள்ளி மணியின் ஓசை கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வர். சிலருக்குத் தம் மனத்திற்கு உகந்த ஒரு துறையில் அளவற்ற ஈடுபாடு இருக்கும். சிலருக்கு நாள்தோறும் பெருந்துணை தேவைப்படும். சிலருக்குச் சிறிதளவே போதும். சொற்களை அவற்றின் நேர்ப்பொருளிலேயே கொள்வது இவர்களுள் பலரிடம் காணப்படும் இயல்பு.

தமிழ் இதழ்கள் சிலவற்றில் ‘மதியிறுக்கம்’ என்னும் சொல்லைக் காணலாம். மதி இறுகிவிட்டது என்று பொருள்படும் அச்சொல் பொருத்தமுடையதாகத் தோன்றவில்லை. எனவே இப்பாடத்தில் ‘ஆட்டிசம்’ என்றே வழங்குகிறோம். இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. உங்கள் வகுப்பில் ஆட்டிச நிலையில் உள்ள மாணவர் ஒருவர் பயில்வது சலுகையன்று, அவருடைய உரிமை.

குறை ஒரு பக்கமா?

நெடுங்காலமாக அறிஞர் பலர், ‘ஆட்டிச நிலையாளருக்குப் பிறர் மனம் விளங்காது, எனவே உரையாடல் முறிகிறது’ என்று கூறிவந்தனர். முறிவுக்கான பொறுப்பு முழுவதும் ஒருவர் தலைமேல் ஏற்றப்பட்டது. 2012ஆம் ஆண்டில் டேமியன் மில்டன் என்னும் பிரித்தானியச் சமூகவியல் அறிஞர் இதனை மறுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரும் ஆட்டிச நிலையாளர். உலகை வெவ்வேறு வகையில் உணரும் இருவர் சந்திக்கும்போது, இருவருக்குமே மற்றவர் மனம் எளிதில் புலப்படுவதில்லை என்றார் அவர். ஆட்டிச நிலையாளருக்கு மற்றவர் மனம் விளங்கவில்லை என்றால், மற்றவர்க்கும் ஆட்டிச நிலையாளர் மனம் விளங்கவில்லை அல்லவா? இதனை ‘இருமுனைப் பரிவுச் சிக்கல்’ எனத் தமிழில் கூறலாம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் கிராம்ப்டனும் அவர்தம் குழுவினரும் இக்கருத்தைச் சோதித்தனர். நீங்கள் விளையாடும் ‘காதோடு காதாகச் செய்தி சொல்லும்’ விளையாட்டைப் போன்றதே அச்சோதனை. ஒருவர் ஒரு கதையைக் கேட்டு அடுத்தவர்க்குச் சொல்ல வேண்டும், அவர் அதற்கடுத்தவர்க்கு. இவ்வாறு எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகள் அமைக்கப்பட்டன. சில சங்கிலிகளில் அனைவரும் ஆட்டிச நிலையாளர். சிலவற்றில் ஒருவரும் அந்நிலையினர் அல்லர். மற்றவை கலப்புச் சங்கிலிகள். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு பலரை வியக்கச் செய்தது. ஆட்டிச நிலையாளர் மட்டுமே இருந்த சங்கிலியில், அந்நிலையில் இல்லாதோர் சங்கிலிக்கு நிகராகவே கதை சிதையாமல் சென்றது. கலப்புச் சங்கிலியிலேயே கதையின் கூறுகள் விரைவாக உதிர்ந்தன.

அச்சோதனையில் கலந்துகொண்டோர் 72 பேர் மட்டுமே. பின்னர் முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு அக்குழுவினர் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. அதில் கலப்புச் சங்கிலிகளும் செய்தியைக் கடத்துவதில் பின்தங்கவில்லை. முதல் ஆய்வு சொன்னதை இரண்டாம் ஆய்வு திருத்தியது. அறிவியல் வளர்வது இவ்வாறுதான். ஆயினும் ஒன்று இரண்டிலும் மாறவில்லை. ஆட்டிச நிலையாளர் செய்தியைச் சொல்வதில் திறன் குறைந்தவர் என்னும் பழைய எண்ணத்திற்கு இவ்விரண்டு ஆய்வுகளிலும் சான்று கிடைக்கவில்லை.

பிறகு ஏன் அவர்கள் வகுப்பில் தனியே அமர்ந்திருக்கிறார்கள்? இதற்கு ஒரு விடை, 2017இல் நோவா சாசன் முதலியோர் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. ஆட்டிச நிலையாளரும் மற்றவரும் பேசுவதைச் சில நொடிகள் மட்டும் காணொலியில் காட்டி, “இவரோடு பழக விரும்புவீர்களா?” என்று பார்த்தவர்களைக் கேட்டனர். ஆட்டிச நிலையாளரோடு பழகப் பலர் தயங்கினர். பின்னர், காணொலியைக் காட்டாமல் அவர்கள் பேசிய சொற்களை மட்டும் எழுதிக் கொடுத்தனர். அப்போது அத்தயக்கம் மறைந்துவிட்டது. தயக்கத்திற்குக் காரணம் அவர்கள் சொன்ன செய்தி அன்று, சொன்ன பாங்கு. குரலின் ஏற்றத்தாழ்வு, பார்வையின் திசை, கையசைவு இவற்றைக் கண்டே, சில நொடிகளில் ஒருவரோடு நட்புக் கொள்வதா வேண்டாவா என்று மனிதர் முடிவு செய்துவிடுகின்றனர்.

‘போய் வருகிறேன்’

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வளரும் உங்களுக்கு இது புதிய அனுபவமாக இராது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் மூன்றாவது மொழி என்று வாழ்கிறீர்கள். தமிழர் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்பர். இதனை உங்கள் வகுப்புத் தோழருக்குச் சொல்லுக்குச் சொல் இந்தியில் பெயர்த்துச் சொல்லிப் பாருங்கள். அவர், “எப்போது திரும்பி வருவாய்? நான் இங்கேயே காத்திருக்கட்டுமா?” என்று கேட்கக்கூடும். அவர் அறிவில் குறைந்தவரா? இல்லை. அத்தொடரின் பின்னால் உள்ள வழக்கத்தை அவர் அறியார், அவ்வளவே. “சாப்பிட்டாயா?” என்று பாட்டி தொலைபேசியில் கேட்பது உணவைப் பற்றியதன்று, அன்பைப் பற்றியது என்பதையும் நாம் யாரேனும் சொல்லித்தந்து அறியவில்லை, பழகி அறிந்தோம்.

இவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். இந்தி அறியாத ஒருவர் சில ஆண்டுகளில் அதனைக் கற்றுக்கொள்வார். ஆட்டிச நிலை கற்றுக் கடக்கும் மொழியன்று. ஆட்டிச நிலையாளர் பலர் தம் இயல்பை மறைத்து மற்றவரைப் போல் நடிக்கக் கற்றுக்கொள்கின்றனர் என்பதும், அந்நடிப்பு அவர்களைக் கடுமையாகக் களைப்புறச் செய்கிறது என்பதும் அவர்களே எழுதியும் பேசியும் வெளியிட்ட செய்திகள். பேருந்தில் அம்மாவோடு தமிழில் பேசக் கூச்சப்பட்டுக் குரலைத் தாழ்த்திய நாள் ஒன்று உங்களுக்கு நினைவிருந்தால், அக்களைப்பின் ஒரு துளியை நீங்கள் அறிவீர்கள்.

ஓர் உரையாடல்

பின்வரும் உரையாடல் இப்பாடத்திற்காக எழுதப்பட்டது. அக்கா ஒன்பதாம் வகுப்பில் பயில்கிறாள். தம்பி ஏழாம் வகுப்பில் பயில்கிறான். அவன் ஆட்டிச நிலையாளன். இருவர் குரலில் வாய்விட்டுப் படியுங்கள்.

அக்கா : கதவு திறந்தே கிடக்கிறதே, நீ பார்க்கவில்லையா?

தம்பி : பார்த்தேன்.

அக்கா : பார்த்துமா சும்மா இருக்கிறாய்?

தம்பி : பார்த்தேனா என்றுதானே நீ கேட்டாய்?

அக்கா : ஆமாம். ‘கதவைச் சாத்து’ என்று சொல்ல எண்ணினேன். வாயில் வந்தது வேறு.

தம்பி : எண்ணியதைச் சொல்லியிருந்தால் அப்போதே சாத்தியிருப்பேன். இப்போது சாத்தட்டுமா?

அக்கா : சாத்திவிட்டு வா. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நேற்று என் தோழி வந்திருந்தாளே, அவளை உனக்குப் பிடிக்கவில்லையா?

தம்பி : பிடித்திருந்தது. அதனால்தான் 12622 தமிழ்நாடு விரைவுவண்டியைப் பற்றி அவளிடம் எல்லாம் சொன்னேன். பிடிக்காதவர்களிடம் சொல்லமாட்டேன்.

அக்கா : அப்படியா! அவள் முகத்தை நீ பார்க்கவே இல்லையே?

தம்பி : முகத்தைப் பார்த்தால் அதிலேயே கவனம் போய்விடுகிறது. சொல்ல வந்தது மறந்துவிடும்.

அக்கா : ‘உன் தம்பி என்னைப் பேசவே விடவில்லை’ என்று அவள் வருந்தினாள்.

தம்பி : பேச வேண்டும் என்று அவள் சொல்லவில்லையே!

அக்கா : இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

தம்பி : நேரம் அறிய விரும்புகிறாள் என்று நினைத்தேன். ஐந்தேகால் என்று சொன்னேனே!

அக்கா : (சிரித்து) சொன்னாய், சொன்னாய். அது குறிப்பு, தம்பி.

தம்பி : ‘இப்போது நான் பேசட்டுமா?’ என்று கேட்டால் நிறுத்திவிடுவேன். எனக்கு வருத்தமே இராது.

அக்கா : எங்களுக்கு அப்படி நேராகக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது.

தம்பி : எனக்குக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் மரியாதைக் குறைவு. சொல்ல வேண்டியதை மறைத்துவிட்டுப் பிறகு வருந்துகிறீர்கள்.

அக்கா : ...சரி. அவளிடம் சொல்கிறேன்.

தம்பி : நானும் ஒன்று செய்கிறேன். ஐந்து நிறுத்தங்களைச் சொன்ன பிறகு, ‘இன்னும் சொல்லட்டுமா?’ என்று கேட்பேன்.

அக்கா : அவள் ‘பரவாயில்லை’ என்றால்?

தம்பி : ‘பரவாயில்லை’ என்றால் ஆமா, இல்லையா?

அக்கா : சில வேளைகளில் எனக்கே தெரிவதில்லை.

இவ்வுரையாடலில் யார் வென்றார் என்று கேட்பது வீண். அக்கா, “ஏன் அப்படிச் செய்தாய்?” என்று கடிந்துகொள்ளவில்லை. தன் ஊகத்தை ஒரு வினாவாக மாற்றி முன்வைத்தாள், “பிடிக்கவில்லையா?” என்று கேட்டாள். அவளுடைய ஊகம் தவறு என்று தெரியவந்தது அதனால்தான். அவள் கேளாதிருந்தால், தன் தோழியைத் தம்பி அவமதித்துவிட்டான் என்றே எண்ணிக்கொண்டிருப்பாள். அவனோ தான் மிகுந்த அன்பு காட்டியதாக எண்ணிக்கொண்டிருப்பான். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நாளில்!

பேச்சில்லாத பேச்சு

எல்லாரோடும் இத்தம்பியைப் போல் சொல்லாடிவிட முடியாது. ஒரு சிறுவன் தாகம் எடுக்கும்போதெல்லாம், “உனக்குத் தண்ணீர் வேண்டுமா?” என்கிறான் என்று கொள்வோம். கேட்பவர், “எனக்கு வேண்டா” என்று கூறிச் செல்வர். அவன் அழுவான். அச்சொற்களைக் கேட்ட போதெல்லாம் தண்ணீர் வந்தது. ஆகவே அவை தண்ணீரை வரவழைக்கும் சொற்கள் என்று அவன் கற்றிருக்கிறான். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் இவ்வழக்கத்தை முன்னாளில் பொருளற்றது என்று ஒதுக்கினர். 1981இல் பேரி பிரிசன்ட், ஜூடித் டியூக்கன் என்னும் ஆய்வாளர்கள், கேட்ட உடனே திருப்பிச் சொல்லுதலுக்கு ஏழு வகைப் பயன்கள் உண்டு என்று வகைப்படுத்திக் காட்டினர். நன்னூலார் வினாவை ஆறாகப் பிரித்தது போன்ற பணி அது.

பேசாதவர்களும் உரையாடுகின்றனர். சென்னையில் அஜித் நாராயணனும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய ‘ஆவாஸ்’ என்னும் செயலியில், படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல் ஒலிக்கும். படங்களை அடுக்கித் தொடர் அமைக்கலாம், தமிழிலும் அமைக்கலாம். அச்செயலியைப் பயன்படுத்தும் ஒருவரிடம் வினவும்போது இரண்டு செயல்கள் வேண்டும். ஒன்று, அவரையே வினவுதல். அருகில் நிற்கும் தாயை நோக்கி, “இவன் என்ன சாப்பிடுவான்?” என்று கேட்பது, அவர் அங்கே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். மற்றொன்று, காத்திருத்தல். மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் வினாவை எழுப்பிய பின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருந்ததைக் கண்டார். மூன்று நொடி காத்திருந்தபோது மாணவர் விடைகள் நீண்டும் சிறந்தும் வந்தன. அவர் ஆராய்ந்தவை பொதுவான வகுப்புகள். அங்கேயே மூன்று நொடி இத்துணைப் பயன் தந்தது என்றால், படங்களைத் தேடித் தொடும் ஒருவர்க்கு எவ்வளவு நேரம் தர வேண்டும்?

அமெரிக்காவில் ஆட்டிச நிலையாளர்கள் தாங்களே கூடி 1996ஆம் ஆண்டு முதல் நடத்திவந்த ‘ஆட்ரீட்’ என்னும் கூடுகையில் ஓர் எளிய உத்தி வழங்கியது. கலந்துகொள்வோர் நிற அட்டை ஒன்றை அணிவர். சிவப்பு என்றால், ‘இப்போது என்னோடு பேச வேண்டா’. மஞ்சள் என்றால், ‘எனக்கு அறிமுகமானவர் மட்டும் பேசலாம்’. பச்சை என்றால், ‘பேச விரும்புகிறேன், நானாகத் தொடங்குவது கடினம், நீங்கள் தொடங்குங்கள்’. மூன்றாவது அட்டையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒதுங்கி நிற்பவர் எல்லாரும் தனிமையை விரும்பி நிற்கவில்லை.

சித்திர உரையாடல் என்பதும் ஒரு வழி. அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1994இல் வெளியிட்ட முறை இது. இருவர் தாளில் குச்சி உருவங்களை வரைந்து, ஒவ்வோர் உருவத்திற்கும் இரண்டு கூண்டுகள் இடுவர். ஒன்றில் அவர் வாயால் சொன்னது. மற்றொன்றில் மனத்தில் எண்ணியது. கதவுக் கதையை அவ்வாறு வரைந்தால், அக்காவின் ஒரு கூண்டில் ‘பார்க்கவில்லையா?’ என்றும் மற்றொன்றில் ‘சாத்து’ என்றும் இருக்கும். தம்பியின் இரு கூண்டுகளிலும் ஒரே சொல் இருக்கும்.

சொல்லும் பொருளும்

சிந்திக்கத்தக்கது – எண்ணிப் பார்க்கத் தகுந்தது
பாங்கு – முறை, விதம்
ஊகம் – குறிப்பால் கொண்ட எண்ணம்
கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல்
பரிவு – பிறர் நிலையை உணரும் அன்பு
கூடுகை – பலர் ஒன்றுகூடும் நிகழ்வு

பயிற்சிகள்

1. கடைக்காரர் அளித்த விடை பிழையன்று. ஆயினும் வினவியவர் முகம் சுளித்தார். ஏன்? நான்கு தொடர்களில் எழுதுக.

2. அக்கா, தம்பி உரையாடலில் உள்ள வினாக்களுள் ஏதேனும் மூன்றைத் தேர்ந்து, அவை எவ்வகை வினாக்கள் என்று கூறுக. ஒரே வினா, கேட்பவருக்கு ஒரு வகையாகவும் கேட்கப்படுபவருக்கு வேறு வகையாகவும் அமைந்திருந்தால் இரண்டையும் குறிப்பிடுக.

3. “காலில் அடிபட்டிருக்கிறது” என்னும் குறிப்பு விடையை வெளிப்படையான மறை விடையாக மாற்றுக. எது மென்மையாக ஒலிக்கிறது? எது தெளிவாக இருக்கிறது? உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும் இதே வினாவைக் கேட்டு, அவர் கருத்தையும் எழுதுக.

4. உங்கள் வீட்டில் வழங்கும் தமிழ்த் தொடர்களுள், சொல்லுக்குச் சொல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்தால் பொருள் மாறிவிடும் ஐந்தைத் தொகுத்து வருக. அவற்றின் உண்மைப் பொருளை, அவ்வழக்கம் அறியாத ஒருவர்க்கு விளங்குமாறு எழுதுக.

5. இருவர் இருவராக அமர்க. அண்மையில் உங்களுக்கும் வேறொருவருக்கும் இடையே நேர்ந்த ஒரு சிறு மனத்தாங்கலைச் சித்திர உரையாடலாக வரைக. உங்கள் உருவத்தின் இரு கூண்டுகளையும் நீங்கள் நிரப்பலாம். மற்றவரின் எண்ணக் கூண்டை வெறுமையாக விட்டு, அத்தாளை அவரிடமே கொடுத்து நிரப்பித் தருமாறு கேளுங்கள்.